வாலஸ் ஆகப் பார்த்த அண்ணை

லண்டனில் கால் வைத்ததும் நான் முதலில் கேட்டது செத்துப்போன என் அப்பாவின் பெயரை. ஹீத்ரோவில் குடிவரவு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண், கொழும்பிலிருந்து வரும் பயணிக்காகக் காத்திருக்கும் திரு. செல்லையா தகவல் மேசைக்கு வரவும் என்று மிகவும் பணிவாக அழைத்தாள். அப்பா யாழ்ப்பாணம் ரயில் நிலையத்தில் பார்சல் கிளார்க்காக இருந்தவர். ஊர் ஊராகப் பொதிகளை அனுப்பினாரே தவிர, அநுராதபுரத்துக்கு அப்பால் அவர் போனது அபூர்வம். அவரை லண்டனில் தேடுகிறார்கள் என்றதும் எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது.

தேடியது அப்பாவை அல்ல, அண்ணையை. அதற்குக் காரணம் நான். மேசையில் இருந்த அதிகாரி என் கடவுச்சீட்டையும் அண்ணை அனுப்பிய கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணன் என்கிறீர்கள். அவர் பெயர் செல்லையா. உங்கள் பெயர் சிவபாதம். இருவருக்கும் ஒரே அப்பாவா?"

"ஆம். அப்பாவின் பெயர்தான் செல்லையா."

"அப்படியானால் அண்ணனின் பெயர்?"

"யோகராசா."

"அந்த யோகராசா எங்கே?"

"அவர்தான் வெளியே நிற்கிற செல்லையா."

அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் நம் பெயரைப் போட்டுக்கொள்வோம். அண்ணை எழுபதுகளில் படிக்க வந்தபோது கல்லூரியில் "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். குடும்பத்துக்குத் தலைவர் அப்பாதானே என்று, நல்ல பிள்ளையாக அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அன்று பிடித்து, இந்த ஊரில் அவர் மிஸ்டர் செல்லையா. நானோ கடவுச்சீட்டு எடுக்கும்போது என் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுவிட்டேன். ஒரே வயிற்றில் பிறந்து இரண்டு குடும்பமாகிவிட்டோம்.

இத்தனைக்கும் பெயர்தான் எனக்குச் சோறு போடும் தொழில். கொழும்பில் டெலிபோன் டைரக்டரி அச்சாகும் பிரிவில் வேலை. ஒருவரை எந்த எழுத்தின் கீழ் போடுவது என்பதில் அங்கே தினமும் குருக்ஷேத்திரம். "என்னை ஏன் என் தகப்பனுக்குக் கீழே போட்டாய்?" என்று ஒருவர் சண்டைக்கு வருவார். "என் தகப்பனை எங்கே காணோம்?" என்று அடுத்தவர் வருவார். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்புவேன்.

அண்ணையின் வான் வண்டியில் வட லண்டனில் இருக்கும் எட்மண்டனுக்குப் போய்ச் சேர்ந்தோம். அண்ணையின் மனைவி பூமணியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். குரக்கன் மாப் புட்டும் மக்கரல் மீன் குழம்பும் வைத்திருந்தா. மீன் நம் கடல் மீன் அல்ல, ஆனால் குழம்பு நம் குழம்பு. விமானத்தில் தந்த ரப்பர் கோழியை நினைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

மச்சாளின் கதை இன்னும் வேடிக்கை. அவ வந்த புதிதில் தொலைபேசி அடிக்குமாம். "மிசஸ் செல்லையா இருக்கிறாரா?" என்பார்களாம். செல்லையாவின் மனைவி என்றால் நம் வழக்கப்படி மாமியார். "மாமி ஊரிலை, அவவுக்கு இங்கிலீசும் தெரியாது எண்டு சொல்லி வைச்சிடுவன்" என்று சொல்லிச் சிரித்தா. அப்படிச் சொன்னதில் ஒரு தடவை, மிசஸ் செல்லையாவைக் கேட்டு வாசல்வரை வந்த காஸ் கம்பனிக்காரனும் திரும்பிப் போயிருக்கிறான்.

சாப்பாட்டு மேசையில்தான் அண்ணை குண்டைப் போட்டார். என்னை அவர் வரவழைத்தது புதுக் கடைத் திறப்புக்கு. டெலிவிஷன், ரேடியோ திருத்தும் கடை ஒன்றை அவர் அந்தத் தெருவில் பல வருடமாக நடத்தி வந்தார். இப்போது எதிர்ப்பக்கம் பெரிய கடை ஒன்றை எடுத்திருந்தார். சனிக்கிழமை திறப்பு.

"நான் பேரை மாத்தப் போறன்," என்றார். "வியாழக்கிழமை சொலிசிட்டரிட்டைப் போய்க் கையெழுத்து வைக்கிறன். கடைப் பலகையிலையும் அந்தப் பேர்தான் வரும்."

"என்ன பேர் அண்ணை?"

"வாலஸ்."

மச்சாள் புட்டுச் சட்டியை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தா. இந்த விஷயம் ஏற்கெனவே அந்த வீட்டில் பேசித் தீராத விஷயம் என்று எனக்கு விளங்கியது.

"உனக்கு இந்த ஊர் தெரியாது, சிவம். கண்ணாடியிலை பேரைப் பாத்திட்டு றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போற ஆக்களை நான் உள்ளுக்கை நிண்டு பாத்திருக்கிறன். போன் எடுத்து முதலாளியைக் கூப்பிடு எண்டுவினம். நான்தான் முதலாளி எண்டா வைச்சிடுவினம். வீட்டை ஈடு வைச்சுத்தான் இந்தக் கடையை எடுத்தது. இது விழுந்தா நானும் இவளும் பெட்டைப் பிள்ளையள் ரெண்டு பேரும் நடுத்தெருவிலை. அப்பாவின்ரை பேரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்க எனக்கு ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. துக்கமும் வந்தது. ஆனால் வீட்டை ஈடு வைத்தவனுக்கு முன்னால் கோபத்தை எப்படிக் காட்டுவது? "ஏன் வாலஸ்?" என்று மட்டும் கேட்டேன்.

"டெலிபோன் புத்தகத்திலை பாத்தன். வரிசையா வாலஸ், வாலஸ் எண்டு போகுது. இவ்வளவு பேர் இருக்கினம் எண்டா அது இந்த மண்ணின்ரை சொந்தப் பேராத்தானே இருக்கோணும்."

அடுத்த நாள் காலை அந்த லண்டன் டைரக்டரியை மடியில் வைத்துக்கொண்டு நானும் இருந்தேன். அடடா, என்ன புத்தகம். ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இடம், சண்டையே இல்லை. என் பிரிவில் இப்படி ஒரு புத்தகம் செய்யக் கிடைத்தால் தலையில் பாதி முடியாவது மிஞ்சியிருக்கும். ஆனாலும் அண்ணையின் வாலஸ் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தார். பஸ் பிடித்து நூலகத்துக்குப் போனேன். இரண்டு மாடி பஸ்ஸில் மேல்மாடி முன் சீட்டில் இருந்து போனதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் பொய்யன்.

நூலகத்தில் கண்ணாடிச் சங்கிலி போட்ட ஒரு பெண்மணி குடும்பப் பெயர்களுக்கான அகராதி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து தந்தார். வாலஸ் என்ற இடத்தைப் புரட்டிப் படித்தேன். திரும்பவும் படித்தேன். பிறகு, வாசிப்பு மேசை என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். வாலஸ் என்றால் அந்நியன்.

கதை இதுதான். ஆங்கிலேயரின் மூதாதையர் கடல் கடந்து இந்தத் தீவுக்கு வந்தார்கள். ஏற்கெனவே இங்கே இருந்த சனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அந்நியர்'. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று நாம் சொல்வது சும்மாவா? அந்தச் சொல்லின் வழியாக வந்தவர்களே வாலஸ், வாலிஸ், வெல்ஷ், வால்ஷ் எல்லாரும். அவர்கள் தின்னும் வால்நட் பருப்பும் அதே அந்நியச் சொல்லில் முளைத்ததுதான். நாம் பறங்கிக்காய் என்று சொல்லிக் கறி வைக்கவில்லையா, அதைப் போல.

அதோடு முடியவில்லை. ஃபிளெமிங் என்றால் ஃபிளாண்டர்ஸ் நாட்டிலிருந்து வந்தவன். ஐரிஷ்காரரின் டாயில் என்றால் கறுத்த அந்நியன். நியூகம் என்றால் புதிதாக வந்தவன். நேற்று வந்தவனை அக்கம்பக்கத்தார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்களோ, அதையே அவன் பேரன்கள் பெருமையாகக் கதவில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் பரதேசி என்றால் அடிக்க வருவான். இங்கே பரதேசி என்று பெயர் வைத்துக்கொண்டு நீதிபதியாக இருக்கிறான். புத்தகத்தை மூடியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அண்ணையை மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

வெளியே வந்து அந்தச் சந்தோஷத்தில் மீனும் சிப்ஸும் வாங்கினேன். கடைக்காரர் சொட்டச் சொட்ட வினாகிரி ஊற்றித் தாளில் சுற்றித் தந்தார். உப்பும் புளிப்பும் இருந்தது, உறைப்பு மட்டும் ஊருக்குப் போயிருந்தது.

மாலையில் அண்ணையிடம் முழுக்கதையையும் சொன்னேன். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தா. அண்ணை சிரிக்கவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை."

"இது இந்தத் தெருவிலை ஆருக்குத் தெரியும்?"

"புத்தகத்திலை இருக்குது."

"புத்தகம் வாசிக்கிறவன் என்னட்டை டிவி திருத்த வாறேல்லை. வாலஸ் எண்டா என்ன கருத்து எண்டு ஆரும் கேக்க மாட்டினம். வாலஸ் எண்டா தங்கடை ஆள் எண்டு நினைப்பினம். எனக்கு அது காணும்."

அவர் சொன்னது நியாயம். நூலகத்திலிருந்து சுமந்து வந்த வெற்றி முழுவதும் அந்த மேசையில் பிசுபிசுத்துப் போனது. படுக்கப் போகும்போது மச்சாள் மெதுவாகச் சொன்னா: "விடுங்கோ தம்பி. அவருக்கும் மனம் இல்லை. பயத்திலை செய்யிறார்."

மறுநாள் வீட்டில் இருந்து முகத்தைத் தூக்கிவைத்திருக்க விருப்பமில்லாமல், ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் மச்சாளின் சித்திக்குக் கொழும்பிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள் பொதியைக் கொடுக்கக் கிளம்பினேன். நிலத்தடி ரயிலில் ஏறி இருந்ததுதான் தெரியும். அந்த லைன் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும் என்பதை யாரும் சொல்லவில்லை. என் ரயில் பிரிய வேண்டிய பக்கம் பிரியாமல், நான் வந்திறங்கிய விமான நிலையத்துக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. பொதியும் கையுமாக இறங்கி நின்றேன். அண்ணையோடு கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப வந்தவன் மாதிரியே இருந்தது எனக்கு.

திரும்பும் ரயிலில் பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி ஒருவர் என் பொதியை மோந்து பார்த்து, மூன்று தும்மல் தும்மி, சிநேகமாகிவிட்டார். பெயர் மிசஸ் ஃபிளெமிங் என்றார். விடுவேனா? அவர் கணவரின் முன்னோர் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களாக இருக்கலாம் என்று புதிதாகப் படித்ததை அவிழ்த்துவிட்டேன். அவர் கண்களை அகல விரித்தார்.

"வெளிநாட்டுக்காரர் கூடிவிட்டார்கள் என்று அவர் தினமும் காலைச் சாப்பாட்டோடு புலம்புவார். நாளைக் காலையில் அவரிடம் சொல்கிறேன்," என்றார். "முட்டையைப் பரிமாறிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிட மாட்டார்."

எந்த நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் மாற வேண்டும் என்று அவரே கைபிடிக்காத குறையாக இறக்கிவிட்டார். சித்திக்குப் பொதி போய்ச் சேர்ந்தது. சித்தி எனக்கு இடியப்பம் தந்து, லண்டனில் வழி தவறாதவர் யார் என்று ஆறுதலும் சொன்னா.

புதன்கிழமை காலையில் பலகை எழுதுகிறவர் வந்தார். பெயர் வால்ஷ். அந்த வட்டாரத்துக் கடைப் பலகைகளில் பாதி அவர் கைப்பட்டவை. தொப்பையோடு ஏணியில் ஏறி, புதுக் கடையின் நெற்றியில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் பெரிய எழுத்தில் வாலஸ் என்று கோடு போட்டார். சுண்ணக்கட்டியில் வரைந்து பார்த்துவிட்டு மறுநாள்தான் வர்ணம் போடுவாராம். அது அவர் வேலை முறை. கீழே இறங்கி, மச்சாள் கொடுத்த உளுந்துவடையைத் தின்றபடியே கேட்டார்:

"யார் இந்த வாலஸ்?"

"நான்தான்," என்றார் அண்ணை.

வால்ஷ் வடையை விழுங்கிவிட்டு அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏணியைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அண்ணை பழைய கடையின் பின்னறையில் ஒரு டிவியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். முன்னால் மேசையில் நானும் மச்சாளும். மதியத்துக்கு முன்னால் முதல் ஆள் வந்தார், ஊன்றுகோலோடு ஒரு கிழவி.

"என் ரேடியோவைத் திருப்பிக் கொடுங்கள்."

"இன்னும் திருத்தி முடியவில்லையே," என்றா மச்சாள்.

"பரவாயில்லை. நான் அதைச் செல்லையாவிடம் கொடுத்தேன். எதிரே செல்லையா எடுத்த புதுக் கடையில் வாலஸ் என்று எழுதியிருக்கிறதே, கடையை விற்றுவிட்டார் என்றுதானே அர்த்தம். அந்த வாலஸிடம் என் ரேடியோவை ஒப்படைக்க மாட்டேன்."

அவருக்குப் பின்னால் இறைச்சிக் கடைக்காரர் ஏப்ரனோடு வந்தார். அவருக்குத் தன் வீடியோ ரெக்கார்டர் வேண்டும். பிறகு பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி வந்தாள். பிறகு பஸ் ஓட்டுநர் ஒருவர், உத்தியோக உடுப்போடு. கடை வாசலில் வரிசை நின்றுவிட்டது. எல்லாருக்கும் தங்கள் தங்கள் பெட்டி வேண்டும். எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"செல்லையா போய்விட்டாராமே. ஒரு வார்த்தை சொல்லாமல்."

"அந்த ஆள் எங்கிருந்து வருகிறானாம்?"

"யாருக்குத் தெரியும்? இந்தப் பக்கத்து ஆள் இல்லை."

"பெயரைப் பார்த்தால் ஸ்காட்லாந்துக்காரன் மாதிரி இருக்கிறது."

"போன கிறிஸ்மசுக்கு முதல் நாள் செல்லையா பனியில் நடந்து வந்து என் டிவியைச் சரிசெய்து தந்தார். இந்த வாலஸ் வருவானா?"

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. எங்கிருந்து வருகிறான், நம்பலாமா, நம் பக்கத்து ஆளா என்று உலகம் முழுவதும் வந்தேறிகளைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள் எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல், எட்மண்டன் தெருவில் வெள்ளைக்காரர்கள் நின்று வாலஸைப் பார்த்துக் கேட்டார்கள். மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டா. சிரிக்கிறாவா அழுகிறாவா என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு அண்ணை பின்னறையிலிருந்து வெளியே வந்தார். கையில் பற்றாசு வைக்கும் கம்பி, நெற்றியில் வியர்வை. வரிசையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கடை விழுந்தது என்றே நினைத்திருப்பார்.

"என்ன நடந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கள் போகவில்லையா?" என்றார் கிழவி.

"நான் எங்கே போவேன்?"

"அப்படியானால் வாலஸ்?"

அண்ணை என்னைப் பார்த்தார். மச்சாளைப் பார்த்தார். கண்ணாடி வழியாக எதிர்க்கடையின் சுண்ணக்கட்டி எழுத்துகளைப் பார்த்தார். "நான்தான் வாலஸ். வாலஸ் என்று பெயரை மாற்றிக்கொள்ளப் போகிறேன்," என்றார், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி.

இறைச்சிக் கடைக்காரர் முதலில் சிரித்தார். வரிசை முழுவதும் சிரித்தது.

"பைத்தியக்காரத்தனம்," என்றார் கிழவி, ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி. "நீங்கள் செல்லையா. என் ரேடியோ வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்."

வரிசை கலைந்து போனது. ஒருவர்கூடப் பெட்டியைக் கொண்டுபோகவில்லை. இறைச்சிக் கடைக்காரர் போகிற போக்கில், வீட்டில் பழுதாய்க் கிடக்கிற இன்னொரு பெட்டியையும் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார்.

அண்ணை ஸ்டூலில் இருந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. றோட்டைக் கடந்து போனவர்களை அவர் இத்தனை காலம் நின்று எண்ணியிருக்கிறார். உள்ளே வந்தவர்களை எண்ணவில்லை. நானும் எண்ணியிருக்க மாட்டேன், அவர் இடத்தில் இருந்திருந்தால்.

"அப்பாவை இந்தத் தெருவிலை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குதடா," என்றார்.

"ஓம் அண்ணை. ஊரிலை இவ்வளவு பேருக்குத் தெரியாது."

அவர் தொலைபேசியை எடுத்து, வியாழக்கிழமை வரவில்லை என்று சொலிசிட்டரின் ஒஃபீசுக்குச் சொன்னார். மச்சாள் பழந்துணி ஒன்றை வாளியில் நனைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், ஸ்டூல் ஒன்றில் ஏறி, எழுத்துகளின் எட்டிய அடிப்பாகத்தைத் தானே துடைக்கத் தொடங்கினா. எட்டாத மேல்பாகத்தை நான் ஏணியில் ஏறித் துடைத்தேன். சுண்ணத் தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

வியாழக்கிழமை வால்ஷ் வர்ண டப்பாவோடு வந்து, துடைத்த பலகையைப் பார்த்து இடுப்பில் கை வைத்தார். அண்ணை புதிதாகச் சொன்னதைக் கேட்டு, "இதை நேற்றே சொல்லியிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார். நான் அவர் பெயரின் கதையை அவருக்குச் சொன்னேன். அந்நியன் என்றதும் அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். தன் மனைவியின் அம்மா இதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறாள் என்றார்.

நீலத்தில் செல்லையா எழுதி முடிந்தது. பலகையின் வலப்பக்கம் கொஞ்சம் இடம் மிஞ்சியது. பழைய நல்ல கடைகளில் அப்பாவின் பெயரை எழுதிப் பக்கத்தில் 'அண்ட் சன்ஸ்' என்று போடுவது அவர்கள் வழக்கமாம். பரம்பரைக் கடை என்று சனம் நம்பி வரும் என்றார் வால்ஷ்.

"ஆனால் உங்களுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள் அல்லவா, மிஸ்டர் செல்லையா. மகன்மார் வந்தபிறகு எழுதிக்கொள்ளலாம்."

அண்ணை என்னைப் பக்கத்தில் இழுத்து, தோளில் கையைப் போட்டுக்கொண்டார். அப்படி அவர் என் தோளில் கை போட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை.

"மகன்மார் வந்துவிட்டார்கள்," என்றார். "நீங்கள் எழுதுங்கள்."